வீட்டுக்குள் எந்தக் கொடி? மணி பிளான்ட், ஃபிலோடென்ட்ரான், ஹோயா, மான்ஸ்டெரா, வெற்றிலை: ஓர் ஒப்பீடு

அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர்கள், கூடத்திலோ படுக்கையறை ஜன்னலிலோ ஒரு கொடி படர்ந்தால் நன்றாக இருக்குமே என்று நாற்றுப் பண்ணைக்குப் போனால், இதய வடிவ இலைகளுடன் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் பல கொடிகள் வரிசையாகத் தொங்குவதைக் காண்கிறார்கள். விலை மட்டும் சில பத்து ரூபாயிலிருந்து ஆயிரங்கள் வரை போகிறது. எதை வாங்கலாம் என்று கேட்டால், "எல்லாமே நிழலில் வரும், வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டால் போதும்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. அந்தப் பதிலின் இரண்டு பகுதிகளும் அரை உண்மைகள். எந்த நிழல், எந்தத் தண்ணீர், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே கொடி ஒரு வீட்டில் உத்தரம் வரை ஏறும், இன்னொரு வீட்டில் நாலே இலையோடு நின்றுவிடும்.

எளிதில் கிடைக்கும் ஐந்து வெப்பமண்டலக் கொடிகளைத் தமிழ்நாட்டுச் சமவெளியின் தட்பவெப்பத்தை மனத்தில் வைத்து இங்கே ஒப்பிடுகிறேன். குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகளில் பாதி நமக்குப் பொருந்தாது. அங்கே பனியும் வெயில் போதாமையும் கவலை. இங்கே மே மாத மேற்கு வெயிலும், ஏசியும், உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரும், கொசுவும் கவலை. ஆகையால் வீட்டை முதலில் பார்த்துவிட்டு, கொடியை அதற்குப் பிறகு பார்ப்பதே சரியான வரிசை என்பது என் கருத்து. இலையின் அழகு கடைசியில் வரட்டும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

வெளிச்சம். நம் கண் மங்கலான அறைக்கும் எளிதில் பழகிவிடுவதால், "நல்ல வெளிச்சம் இருக்கிறது" என்று நாம் நினைக்கும் இடத்தில் செடிக்கு வேண்டியதில் சிறு பங்குகூட இருக்காது. நண்பகலில், செடியை வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விளிம்பு தெளிவான நிழல் விழுந்தால் அது வெளிச்சமான இடம். கை என்று அடையாளம் தெரியும் அளவுக்கு மங்கிய நிழல் விழுந்தால் நடுத்தரம். நிழலே விழாவிட்டால் அங்கே எந்தக் கொடியும் வளராது, சில மாதங்கள் இருந்துவிட்டு மெல்லச் சாகும். "குறைந்த வெளிச்சத்தைத் தாங்கும்" என்று விற்கப்படும் கொடிகள் உண்மையில் தாங்கத்தான் செய்கின்றன, வளர்வதில்லை.

திசையைப் பற்றியும் ஒரு குறிப்பு அவசியம். தெற்கு ஜன்னலே சிறந்தது என்று மேல்நாட்டு நூல்கள் சொல்வது அவர்களுடைய அட்சரேகைக்குப் பொருந்தும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அது சற்று வடக்கே ஒதுங்கிச் செல்வதால் நம்முடைய வடக்கு ஜன்னலுக்கும் கொஞ்சம் வெயில் கிடைக்கிறது. தெற்கு ஜன்னலில் மார்கழி, தை மாதங்களில்தான் வெயில் அறைக்குள் நீளமாக விழும். கொடிகளுக்கு மிகவும் ஏற்றது காலை வெயில் வரும் கிழக்கு ஜன்னல். மேற்கு ஜன்னல் என்றால், அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு வெள்ளைத் திரையாவது இடையில் இருக்க வேண்டும்.

தண்ணீர். எவ்வளவு என்பதைவிட எப்படிப்பட்ட தண்ணீர் என்பதே நம் ஊர்களில் பெரிய கேள்வி. உப்பு அதிகமான ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றினால் தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு கட்டும், இலை நுனி பழுப்பாகக் கருகும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம்போலத் தோன்றினாலும், அதில் மூல நீரைவிட உப்பு செறிந்திருக்கும் என்பதை மறக்கக்கூடாது. மழைநீர் கிடைத்தால் அதற்கு இணை இல்லை.

வீட்டில் யார் இருக்கிறார்கள். மணி பிளான்ட், ஃபிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா மூன்றும் சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் சேர்ந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கருணைக்கிழங்கு நாக்கை ஏன் நமைக்கிறதோ, அதே காரணத்தால்தான் இவையும் நமைக்கும்: கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசிகளாக இலையிலும் தண்டிலும் நிறைந்திருக்கின்றன. தவழும் குழந்தையோ பூனையோ நாயோ இலையைக் கடித்தால் வாய் எரிச்சலும் வீக்கமும் எச்சில் வடிதலும் வரும். பெரும்பாலும் அது உயிருக்கு ஆபத்தாக முடிவதில்லை. ஆனாலும் மருத்துவரிடம் ஓட வைக்கப் போதுமான தொல்லை.

ஏற இடம். காட்டில் இக்கொடிகளில் பெரும்பாலானவை மரத்தைப் பற்றி மேலே ஏறுகின்றன. பற்றி ஏறும்போது இலை பெரிதாகிறது. தொங்கவிட்டால் சிறுத்துக்கொண்டே போகிறது. ஆகவே தொங்கும் கூடையா, தென்னை நார் சுற்றிய கம்பா என்பது அலங்காரத்தை மட்டும் பொறுத்த முடிவன்று. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கொடி எப்படி இருக்கும் என்பதையே அது தீர்மானிக்கிறது.

அளவுகோல் பட்டியலிலிருந்து ஒன்றை வேண்டுமென்றே நீக்கியிருக்கிறேன். காற்றைச் சுத்தம் செய்யும் செடி எது என்று கேட்டு வாங்குபவர்கள் பலர். 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வை வைத்து இந்த எண்ணம் பரவியது. அந்த ஆய்வு காற்றுப் புகாத சிறு கூண்டுகளுக்குள் நடந்தது. 2019-இல் வெளியான ஒரு மறு ஆய்வு, சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1000 செடிகள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டது. ஜன்னலைத் திறந்துவைப்பது மலிவு.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | மணி பிளான்ட் | இதய இலை ஃபிலோடென்ட்ரான் | ஹோயா | மான்ஸ்டெரா | வெற்றிலை |
|---|---|---|---|---|---|
| வெளிச்சம் | நடுத்தரம் முதல் நல்ல வெளிச்சம் | நடுத்தரம் | நல்ல வெளிச்சம், காலை வெயில் | நல்ல வெளிச்சம் | வெளிச்சமான நிழல், திறந்த காற்று |
| தண்ணீர் மறந்தால் | தாங்கும் | ஓரளவு தாங்கும் | நன்றாகத் தாங்கும் | ஓரளவு தாங்கும் | தாங்காது |
| உப்புத் தண்ணீர் | ஓரளவு சகிக்கும் | இலை நுனி கருகும் | வேர் கெடும் | இலை ஓரம் கருகும் | சகிக்காது |
| குழந்தை, பூனை | எட்டாத உயரத்தில் மட்டும் | எட்டாத உயரத்தில் மட்டும் | கவலை குறைவு | தரையில் நிற்பதால் கூடுதல் கவனம் | உண்ணத்தக்க இலை |
| இடம் | நாம் வெட்டும் அளவு | சிறிது | மிகச் சிறிது | ஒரு மூலை முழுவதும் | பால்கனி |
| வேகம் | மிக வேகம் | வேகம் | மெதுவு | நடுத்தரம் | பருவத்தைப் பொறுத்தது |
| பலன் | பச்சை | பச்சை | பூ, மணம் | தோற்றம் | இலை |

## மணி பிளான்ட்

பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சுப் பாலினீசியாவின் மோரியா தீவைப் பிறப்பிடமாகக் கொண்ட எபிப்ரெம்னம் ஆரியம் என்ற கொடியே நம் வீடுகளில் மணி பிளான்ட் என்ற பெயரில் வளர்கிறது. பணம் தரும் என்ற நம்பிக்கையும், அடுத்த வீட்டிலிருந்து சொல்லாமல் கிள்ளிவந்தால்தான் பலிக்கும் என்ற கூடுதல் நம்பிக்கையும் இதற்கு உண்டு. அந்த இரண்டாவது நம்பிக்கை இவ்வளவு நாள் நிலைத்ததற்குக் காரணம், ஒரே ஒரு கணு உள்ள துண்டு கிடைத்தாலும் இது வேர்விட்டுவிடும் என்பதாக இருக்கலாம். கணு இல்லாத இலையைமட்டும் கிள்ளிவந்தால் அது தண்ணீரில் பல நாள் பச்சையாக இருக்கும், கொடியாகாது.

இதன் பெரிய பலம், தவறுகளைப் பொறுத்துக்கொள்வது. தொட்டி மண் மேலிருந்து இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும். இரண்டு வாரம் ஊருக்குப் போய்வந்தாலும் வாடிய இலைகள் ஒரு நாளில் நிமிர்ந்துவிடும். இது சாவது பெரும்பாலும் அளவுக்கு மீறிய தண்ணீரால்தான். கீழ் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, தண்டின் அடி கறுத்து மெத்தென்று ஆனால் வேர் அழுகிவிட்டது என்று பொருள். அப்போது மேலே நன்றாக இருக்கும் தண்டை வெட்டி எடுத்துப் புதிதாக வேர்விட வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெள்ளையும் பச்சையும் கலந்த மார்பிள் குயின், என்ஜாய் போன்ற வகைகளை இருட்டான மூலைக்காக வாங்குவது வீண் செலவு. இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாததால் இவை மெதுவாகத்தான் வளரும். வெளிச்சமும் குறைந்தால் புதிய இலைகள் பச்சையாகவே வரத் தொடங்கும். நடுத்தர வெளிச்சத்துக்குச் சாதாரணப் பச்சை-மஞ்சள் வகையே போதும்.

மறைந்திருக்கும் செலவு. முதலாவது கொசு. கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் வைப்பது நம் வீடுகளில் மிகப் பரவலான பழக்கம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் வரைதான் ஆகிறது. எனவே தண்ணீரை வாரம் ஒருமுறை முழுவதும் கொட்டிவிட்டு, பாட்டிலின் உட்சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் முட்டைகள் சுவரில்தான் ஒட்டியிருக்கும். இதைத் தவறாமல் செய்ய முடியாதவர்கள் மண்ணில் வளர்ப்பதே நல்லது. அப்போதும் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கக் கூடாது.

இரண்டாவது, வெட்டிப் போடும் கொடிகள். வாய்ப்புக் கிடைத்தால் இது மரங்களை மூடிப் படர்ந்து, காட்டில் ஒரு மீட்டர் நீள இலை வரை வளரக்கூடியது. இலங்கை, ஹவாய், ஃபுளோரிடா போன்ற இடங்களில் ஊடுருவும் தாவரமாகிவிட்டது. கத்தரித்த துண்டுகளை வாய்க்கால் ஓரத்திலோ தோப்பிலோ வீசாமல், வெயிலில் நன்கு காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும். பூக்குமா என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: பூப்பதற்குத் தேவையான ஜிப்பரெல்லின் என்ற ஊக்கியைப் போதிய அளவில் உண்டாக்க முடியாத மரபணுக் குறை இதற்கு இருப்பதை 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இது வீட்டில் பூக்காது.

எப்போது இதுவே சரி. வாடகை வீடு, அடிக்கடி பயணம், நடுத்தர வெளிச்சம், முதல் முறையாகச் செடி வளர்ப்பவர் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே வீட்டில் மணி பிளான்ட் இருந்து, அது அலுத்துவிட்டதால் விலை உயர்ந்த கொடியைத் தேடுபவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அதை ஒரு தென்னை நார்க் கம்பில் ஏற்றி, கம்பை ஈரமாக வைத்து, ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டு ஓராண்டு பாருங்கள். உள்ளங்கை அளவு இலை வந்தபின் புதுச் செடி வாங்கும் எண்ணம் பலருக்கு வருவதில்லை.

## இதய இலை ஃபிலோடென்ட்ரான்

மெக்சிகோவிலிருந்து பிரேசில் வரை காடுகளில் வளரும் இக்கொடியைப் பலர் மணி பிளான்ட் என்றே எண்ணி வாங்குகிறார்கள். வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் புதிய இலையைப் பார்த்தால் போதும்: ஃபிலோடென்ட்ரானில் ஒவ்வொரு புது இலையும் ஒரு மெல்லிய உறைக்குள்ளிருந்து வெளிவரும், அந்த உறை பிறகு காய்ந்து உதிரும், மணி பிளான்டில் அப்படி உறை இல்லை, இலைக்காம்பில் ஒரு பள்ளம் ஓடும். ஃபிலோடென்ட்ரான் இலை மெல்லியது, மென்மையானது. கொடியும் மெலிந்திருப்பதால் புத்தக அலமாரியின் ஓரத்தில் தொங்கவிட மணி பிளான்டைவிட நேர்த்தியாக இருக்கும்.

வளர்ப்பு முறை ஏறக்குறைய மணி பிளான்டுடையதே. மெல்லிய இலை என்பதால் ஏசியின் வறண்ட காற்று நேராகப் படும் இடத்தில் விளிம்புகள் சுருளும், உப்புத் தண்ணீரின் பாதிப்பும் சீக்கிரம் தெரியும். கண்ணுக்குத் தெரியாத செலவு என்றால், அது தண்ணீர் மாற்றத்துக்கான மெனக்கெடல்தான்: ஆழ்துளைக் கிணற்று நீர் மட்டுமே கிடைக்கும் வீட்டில் ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து வைத்து ஊற்ற வேண்டியிருக்கும். நடுத்தர வெளிச்சமும் நல்ல தண்ணீரும் இருந்து, கூடம் முழுதும் படரும் கொடி வேண்டாம், அடக்கமாக ஒன்று போதும் என்பவர்களுக்கு இது மணி பிளான்டைவிடப் பொருத்தம். மற்றபடி இரண்டுக்கும் இடையே பெரிய விலை வேறுபாடு கொடுக்க நியாயமில்லை.

## ஹோயா

இந்த ஐந்தில் பூவுக்காக வளர்க்கத் தக்கது ஹோயா ஒன்றே. மெழுகால் செய்தது போன்ற சிறு நட்சத்திரப் பூக்கள் குடைபோலக் கொத்தாகத் தொங்கும். இரவில் மணம் வீசும். இது எருக்கு சேர்ந்த குடும்பம். தண்டைக் கிள்ளினால் பால் வடிவதிலிருந்தே அந்த உறவு தெரியும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இயற்கையாக வளரும் ஹோயாக்கள் உண்டு. அவற்றில் ஒன்றான ஹோயா வைட்டியை, சென்னை மாகாணத்தில் பணியாற்றித் தென்னிந்தியத் தாவரங்களை விரிவாகப் பதிவு செய்த ராபர்ட் வைட்டின் பெயரால் அழைக்கிறார்கள். அதற்காக மலைக்குப் போகும்போது பிடுங்கி வரலாம் என்று பொருளில்லை. காட்டில் எடுப்பது குற்றம், எடுத்தாலும் சமவெளியில் பிழைப்பது கடினம்.

ஹோயாக்களில் பல காட்டில் மண்ணில் வேர்விடாமல் மரக்கிளைகளில் ஒட்டி வாழ்பவை. ஆகையால் தோட்ட மண்ணில் நட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினால் சில வாரங்களில் வேர் அழுகும். தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, பெர்லைட் (நீர் தேங்காமல் வடிய உதவும், எடை குறைந்த வெள்ளைக் கனிமத் துகள்), சிறிது மண்புழு உரம் கலந்த, கைப்பிடியில் பிடித்தால் உதிரும் கலவை வேண்டும். தடித்த இலை தண்ணீரைச் சேமித்து வைக்கும்; இலை சற்றுத் தளர்ந்து சுருக்கம் விழும்போது ஊற்றினால் போதும். இந்தக் குணத்தால், அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கு மணி பிளான்டைவிடவும் இது வசதி. ஆனால் வெளிச்சத்தில் சலுகையே கிடையாது. நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரமாவது காலை வெயில் படும் ஜன்னல் இல்லாவிட்டால் இலைக்கொடியாக மட்டுமே இருக்கும், பூவைக் காணவே முடியாது.

மறைந்திருக்கும் செலவு. பொறுமைதான் பெரிய செலவு. சிறு செடியாக வாங்கினால் முதல் பூவுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆவது சாதாரணம். அந்தக் காலத்தில் வீட்டில் யாரேனும் ஒருவர், இலையே இல்லாமல் நீளும் கொடியைப் பார்த்து அது வீணாகப் போகிறது என்று கத்தரித்துவிடுவார். அதில்தான் பிறகு இலையும் மொட்டும் வந்திருக்கும். அதேபோலப் பூ உதிர்ந்த குட்டைக் காம்பை வெட்டக் கூடாது, அடுத்த முறையும் அதே காம்பிலிருந்துதான் பூ வரும். மொட்டு வந்தபின் தொட்டியைத் திருப்பினாலோ இடம் மாற்றினாலோ மொட்டுகள் உதிர்வதும் உண்டு. பூவிலிருந்து சொட்டும் தேன் தரையில் பிசுபிசுப்பாக ஒட்டும். மாவுப்பூச்சிக்கும் இது பிடித்தமான செடி. கணுக்களின் இடுக்கில் பஞ்சுபோலத் தென்பட்டால் உடனே துடைத்து, ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்க வேண்டும்.

காதலர் தினத்தையொட்டிச் சிறு தொட்டியில் ஒற்றை இதய இலையாக விற்கப்படும் ஹோயா கெர்ரியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கணுவின் பகுதி ஒட்டாமல் இலைமட்டும் நடப்பட்டதாக இருந்தால், அது ஆண்டுக்கணக்கில் பசுமையாக நிற்கும், ஆனால் ஒருபோதும் கொடியாகாது. பொம்மையாக வாங்குவதில் தவறில்லை. கொடியாக எண்ணி வாங்கினால் ஏமாற்றம்.

எப்போது இதுவே சரி. கிழக்கு ஜன்னல் இருக்கிறது, இடம் குறைவு, வீட்டில் பூனை இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தால் ஹோயாவை மிஞ்ச ஒன்றுமில்லை. பரவலாக வளர்க்கப்படும் ஹோயா கார்னோசா பூனைக்கும் நாய்க்கும் நஞ்சற்றதாகவே கருதப்படுகிறது. சற்றுக் குளிர்ந்த இரவுகள் அதற்குப் பிடிக்கும் என்பதால் பெங்களூரு, கோவை, ஏற்காடு போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு அது எளிது. சென்னை, மதுரை, திருச்சி வெக்கைக்கு ஹோயா ஆஸ்ட்ராலிஸ், ஹோயா புபிகேலிக்ஸ் போன்றவற்றைக் கேட்டு வாங்கலாம்.

## மான்ஸ்டெரா

தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரையிலான காடுகளில் வளரும் மான்ஸ்டெரா டெலிசியோசா, ஓட்டை விழுந்த பெரிய இலைகளால் எல்லோருக்கும் தெரிந்த முகமாகிவிட்டது. இளஞ்செடியின் இலையில் ஓட்டையும் கிழிசலும் இருக்காது. செடி முதிர்ந்து, ஏற ஒரு கம்பும் போதிய வெளிச்சமும் கிடைத்த பிறகே அவை வரும். இருட்டு மூலையில் வைத்துவிட்டு இலை கிழியவில்லையே என்று காத்திருப்பதில் பயனில்லை.

இதன் மறைமுகச் செலவு இடமும் எடையும். இரண்டு மூன்று ஆண்டுகளில் இது நான்கடி அகலம் பரவும். தொட்டி, கம்பு, ஈரமான மண் எல்லாம் சேர்ந்து ஒருவரால் நகர்த்த முடியாத கனமாகும். வீடு மாறும்போது இதை லாரியில் ஏற்றி இறக்கும்போது இலைகள் உடைவது உறுதி. இலைகளில் படியும் தூசியை வாரந்தோறும் ஈரத் துணியால் துடைக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் சாலையோர வீடுகளில் ஒரே மாதத்தில் பச்சை நிறமே மங்கிவிடும். மினி மான்ஸ்டெரா என்று விற்கப்படுவது வேறு செடி: ராஃபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மா, தெற்குத் தாய்லாந்தையும் மலேசியத் தீபகற்பத்தையும் சேர்ந்தது. இடம் குறைந்தவர்களுக்கு அது உண்மையில் நல்ல மாற்று, ஆனால் உண்மையான மான்ஸ்டெராவின் சிறிய வடிவம் என்று எண்ணிக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. வெள்ளை படர்ந்த மான்ஸ்டெராவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதை, முதல் மான்ஸ்டெராவை இரண்டாண்டு உயிரோடு வைத்திருந்த பிறகு யோசிக்கலாம்.

சொந்த வீடு, பெரிய ஜன்னலோடு கூடிய கூடம், தவழும் வயதைத் தாண்டிய பிள்ளைகள் என்றால் இது தன் இடத்தை நியாயப்படுத்தும்.

## வெற்றிலை

மேலே சொன்ன கொடிகள் பெரும்பாலும் வெளியிலிருந்து நம் கூடத்துக்கு வந்தவை. வெற்றிலையும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது என்றாலும், தாம்பூலம் இல்லாமல் நம் வீட்டில் ஒரு விசேஷமும் நடப்பதில்லை. சோழவந்தான் வெற்றிலையும் ஆத்தூர் வெற்றிலையும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றன. கற்பூரி, சிறுமணி, சக்கை, பச்சைக்கொடி, வெள்ளைக்கொடி என்று வகைகள் பல. "அலங்காரக் கொடிக்குப் பதில் பயன்படும் கொடியை வளர்க்கலாமே" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் நினைக்கிறார்கள்.

எண்ணம் நல்லது, இடம்தான் கூடமாக இருக்கக் கூடாது. கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம், எப்படி அமைக்கப்படுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் தேவை விளங்கும்: அகத்தி மரங்களின் சல்லடை நிழல், வரப்புகளுக்கு இடையே எப்போதும் ஓடும் ஈரம், ஆனால் வேரில் தேங்காத நீர், காற்றைத் தடுக்கும் ஓரச் செடிகள். இவ்வளவையும் ஏசி ஓடும் அறையில் உண்டாக்க முடியாது. கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த பால்கனி, குளியலறைக்கு அருகே திறந்த ஒட்டுமாடம், நிழல்வலை போட்ட மாடி ஆகியவற்றில் ஒன்று இருந்தால் மட்டுமே முயல வேண்டும். கடையில் வாங்கிய வெற்றிலையின் காம்பை நட்டால் முளைக்காது. கணுக்கள் மூன்று நான்கு உள்ள தண்டுத் துண்டு வேண்டும். ஓரடி ஆழத் தொட்டியில் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்து நட்டு, பற்றிக்கொள்ளச் சொரசொரப்பான கம்போ செங்கல் சுவரோ தந்தால் கணுதோறும் வேர்விட்டு ஏறும்.

மறைந்திருக்கும் செலவு. கோடையில் தினம் தண்ணீரும், இலைமேல் தெளிப்பும் வேண்டும். நான்கு நாள் ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நேர்மாறான தொல்லை: நீர் தேங்கினால் வேரழுகல் நோய் தண்டைக் கறுக்கச் செய்து, ஓரிரு நாளில் கொடியையே சாய்த்துவிடும். உண்ணும் இலை என்பதால் பூச்சிமருந்தும் அடிக்க முடியாது. நாற்றுப் பண்ணையிலிருந்து வந்த செடியில் ஏற்கெனவே இருக்கும் இலைகளை உண்ணாமல், நம் வீட்டில் துளிர்த்த இலைகளையே பறிப்பது பாதுகாப்பு. ஏசியிலிருந்து சொட்டும் நீரையும் இதற்கு மட்டும் ஊற்ற வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை இதைவிட முக்கியம். வெற்றிலையையும் மணி பிளான்டையும் ஒரே கிரில்லில் படரவிட்டால் இலைகள் கலந்துவிடும்; பார்வை மங்கிய பெரியவர் ஒருவர் அவசரத்தில் தவறான இலையைக் கிள்ளி வாயில் போட நேரிடும். கசக்கினால் காரமான வெற்றிலை வாசனை வரும், மணி பிளான்டில் அது வராது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் மோந்து பார்ப்பார்கள் என்று நம்பாமல், இரண்டையும் வேறு வேறு பக்கத்தில் வைப்பதே சரி.

எப்போது இதுவே சரி. வீட்டில் வெற்றிலை போடுபவரோ, சளிக்கும் பூஜைக்கும் அடிக்கடி வெற்றிலை தேடுபவரோ இருந்து, பகலில் ஒருவர் வீட்டிலேயே இருப்பாரானால் இது பலன் தரும். வாரத்துக்கு நாலைந்து இலை போதும் என்றால் ஒரு தொட்டி ஈடுகொடுக்கும். அதற்குமேல் தேவைப்படுபவர்களுக்குக் கடையே மலிவு.

## இரண்டுக்கு நடுவில் நிற்பவர்களுக்கு

மணி பிளான்டா ஃபிலோடென்ட்ரானா என்றால் தண்ணீரைப் பாருங்கள்: உப்புத் தண்ணீர் என்றால் மணி பிளான்ட். ஹோயாவா மான்ஸ்டெராவா என்றால் இரண்டுக்கும் வெளிச்சம் ஒன்றுதான், எனவே இடத்தையும் பூனையையும் பாருங்கள். வெற்றிலையா வேறு ஏதாவதா என்பது செடியைப் பற்றிய கேள்வியே அல்ல, பகலில் வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி. கை நிழலே விழாத அறைக்கு ஒன்று வேண்டும் என்று கேட்பவர்கள், ஒரே வகையில் இரண்டு தொட்டி வாங்கி, ஒன்று அறையிலும் மற்றொன்று ஜன்னலோரத்திலுமாகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றி வைக்கலாம். அதற்கு மணி பிளான்ட் மட்டுமே ஒத்துவரும்.

## வாங்கும்போது

பெரிய செடியைவிடப் புதுத் துளிர் உள்ள சிறு செடி மேல். துளிர் வருகிறது என்றால் வேர் வேலை செய்கிறது. இலையின் அடிப்புறத்தையும் கணு இடுக்கையும் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். தொட்டியில் வெறும் தென்னை நார்க்கழிவு மட்டுமே நிரப்பியிருந்தால், அது மேலே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும். விரலை உள்ளே விட்டுப் பார்த்தபிறகே தண்ணீர் ஊற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு வாரம் மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வைத்து, பூச்சி ஏதும் தென்படவில்லை என்று உறுதியான பின்னரே அதன் இடத்துக்கு மாற்றுங்கள். அதுவரை தொட்டி மாற்றவும் வேண்டாம், உரமும் வேண்டாம்.